ஆறு மாதமாக ஆறாத ஆசனவாய் வெடிப்பு: ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

ஆறு மாதமாக வெடிப்பு, களிம்பு பூசியும் ஆறவில்லை, தசையைக் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும் என்கிறார் டாக்டர், பிறகு மலம் அடங்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, செய்துகொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் செய்துகொண்டேன். 14 மாதம் ஆகிறது. பெயரை மறைத்துத்தான் எழுதுகிறேன், ஊரையும் சொல்ல மாட்டேன். கணக்கு டீச்சர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் பத்தாம் வகுப்புப் பையன்கள் எல்லா இணையதளத்திலும் இருக்கிறார்கள்.

எனக்கு இது வந்த வழி கொஞ்சம் அவமானமானது, ஆனால் டீச்சர்களுக்குப் புரியும். ஸ்டாஃப் டாய்லெட்டில் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் காலையில் அரை டம்ளர் காபி குடித்தால் மாலை நான்கரை வரைக்கும் தண்ணீர் தொடுவதில்லை. போதாததற்கு ரத்த சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது மலத்தை இறுக்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் முக்கியபோது சுரீரென்று கிழிந்தது. அவ்வளவுதான் ஆரம்பம்.

வலியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் பெரும்பாடு. மோஷன் போகும்போது வரும் வலி ஒரு நிமிடம், பிளேடு கீறிய இடத்தில் ஊறுகாய் பட்டது போல. அதைத் தாங்கிவிடலாம். அதற்குப் பிறகு உள்ளே யாரோ துணியைப் பிழிவது போல இரண்டு மூன்று மணி நேரம் இழுத்துப் பிடிக்குமே, அதுதான் ஆளைக் கொல்வது. ஆறு மணிக்குப் போனால் காலைப் பிரேயர் வரைக்கும் இருக்கும். ஒரு டெர்ம் முழுக்கப் பரீட்சை பேப்பரை நின்றுகொண்டே திருத்தினேன்.

இந்தப் பிழிதல் ஏன் என்று ஒரு டாக்டர் படம் வரைந்து காட்டிய பிறகுதான் எனக்கு ஆபரேஷன் பயம் பாதி குறைந்தது. ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் உண்டு. வெளி வளையம் நம் சொல் கேட்கும், அடக்க நினைத்தால் அடக்கும். உள் வளையம் நம் சொல் கேட்காது, தானாகவே இறுகி நிற்கும். வெடிப்பு வந்ததும் வலியில் அந்த உள் வளையம் இன்னும் இறுகிக்கொள்கிறது. இறுகினால் அந்த இடத்துக்கு ரத்தம் போவது குறைகிறது. ரத்தம் குறைந்தால் புண் ஆறாது, ஆறாவிட்டால் வலி, வலித்தால் மறுபடி இறுக்கம். பெரும்பாலோருக்கு வெடிப்பு பின்பக்கம் நடுவில்தான் வரும், அங்கே ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. களிம்பானாலும் கத்தியானாலும் வேலை ஒன்றுதான்: அந்த வளையத்தைத் தளர்த்துவது.

நானும் உங்களைப் போல எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனேன். எங்கள் அத்தைக்கு (மாமியார்) இது மூலச்சூடு. கருணைக்கிழங்கு, துத்திக்கீரை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று அன்போடு செய்து கொடுத்தார். கீரை நல்லது, சாப்பிட்டேன். ஆனால் எனக்கு இருந்தது மூலமே இல்லை. மூலம் ரத்தக் குழாய் வீங்குவது, பௌத்திரம் உள்ளிருந்து தோலுக்குக் குழாய் போல வழி விழுவது, இது தோல் கிழிசல். பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் மூன்றும் ஒரே வரியில் இருப்பதால் நாமும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். அந்த நோட்டீஸைப் பார்த்து நான் போன ஓர் இடத்தில் பார்க்காமலேயே ‘மூலம்’ என்று சொல்லி ஊசி போட வந்தார்கள். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

பிறகு முறையான சர்ஜன். பெண் சர்ஜன் வேண்டும் என்று தேடியே இரண்டு மாதம் வீணாக்கியிருந்தேன். கடைசியில் ஆண் டாக்டர்தான், நர்ஸ் கூடவே நின்றார். வலி இருக்கும்போது விரல் விட்டுப் பார்க்கத் தேவையில்லை என்று அவரே சொல்லி, விலக்கிப் பார்த்துவிட்டு அரை நிமிடத்தில் முடித்தார். முதலில் நைட்ரோகிளிசரின் களிம்பு. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் அதே மருந்துதான். பூசிய கால் மணி நேரத்தில் தலை வெடிக்கும். அல்ஜீப்ராவும் அந்தத் தலைவலியும் ஒத்துப்போகவில்லை. டில்டியாசெம் 2 சதவீதக் களிம்புக்கு மாற்றினார். காலை மாலை, எட்டு வாரம். கூடவே மலத்தை இளக்க இரவில் லாக்டுலோஸ் சிரப், இசப்கோல் உமி, தினமும் மூன்று தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்காருவது. சின்னவனைக் குளிப்பாட்டிய டப் இதற்கு ஆகிவிட்டது. இசப்கோலை ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் இல்லாமல் விழுங்காதீர்கள், நேர்மாறாக அடைத்துக்கொள்ளும்.

களிம்பு நிறைய பேருக்குக் கேட்கிறது, பாதிப் பேருக்காவது. எனக்கு மூன்று வாரம் நன்றாக இருந்து, ஒரு கல்யாண வீட்டுப் பரோட்டாவுக்குப் பிறகு மறுபடி கிழிந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது: மோஷனுக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தேன், வந்தாலும் அடக்கினேன். அடக்க அடக்க அது கல்லாகும். உங்கள் கேள்வியில் ‘இரவு சாப்பிடுவதையே விட்டுவிட்டேன்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து சாப்பிடுங்கள்.

சரி, ஆபரேஷன். லேட்டரல் ஸ்பிங்க்டெராட்டமி என்பார்கள். வெடிப்பை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உள் வளையத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டுவது. வெளி வளையத்தைத் தொடுவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு வெடிப்பு ஆறிவிடுகிறது. உங்கள் பயம் பொய்யில்லை. சிலருக்கு வாயு அடங்காமல் போகும், கொஞ்சம் கசியும், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், ஒரு சிலருக்குத் தங்கிவிடுவதும் உண்டு. அதனால் என் டாக்டர் முதலில் கேட்டது பிரசவத்தைப் பற்றி. எனக்கு இரண்டுமே சுகப்பிரசவம், முதலாவதில் தையல் போட்டிருந்தது. பிரசவத்தில் அந்தத் தசைகள் தெரியாமலேயே பழுதாகியிருக்கலாம், அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வெட்டை யோசித்துத்தான் செய்ய வேண்டும், வேண்டாமென்றால் போடாக்ஸ் ஊசி இருக்கிறது, அது சில மாதத்துக்குத் தசையைத் தளர்த்தும் என்றார். பரிசோதித்துவிட்டு, வெடிப்பின் நீளத்துக்கு மேல் வெட்ட மாட்டேன் என்று சொன்னார். உங்கள் டாக்டரிடமும் இதைத்தான் கேளுங்கள்: எவ்வளவு வெட்டுவீர்கள்? லேசர் என்று சொன்னாலும் இதே கேள்விதான்.

முதுகில் ஸ்பைனல் ஊசி, இருபது நிமிட வேலை. காலையில் போய் மறுநாள் வந்துவிட்டேன். அன்று என்னைப் படுத்தியது காயம் இல்லை, மூத்திரம். ஸ்பைனல் போட்டால் சில மணி நேரம் வராது. குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்கவைத்தது என் வீட்டுக்காரரின் யோசனை, வேலை செய்தது. வலி மாத்திரையில் டிரமடால் இருந்தால் அதுவும் மலத்தை இறுக்கும், கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் முதல் மோஷன். கதவுக்கு வெளியே அத்தை, உள்ளே நான் சுவரைப் பிடித்துக்கொண்டு. வலித்தது, ஆனால் அது சாதாரணக் காயத்து எரிச்சல். முடித்துவிட்டு அந்தப் பிழிதலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. டப்பில் உட்கார்ந்து அழுதேன், அத்தை பயந்துவிட்டார்.

காயம் முழுக்க ஆற ஐந்து வாரம். முதல் மூன்று வாரம் வாயு என் பேச்சைக் கேட்கவில்லை. காலைப் பிரேயரில் ஒரு தடவை மானம் போனது, பக்கத்தில் நின்ற பி.டி. சார் மீது எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். நானும் மறுக்கவில்லை. இப்போது அந்தத் தொல்லை இல்லை. தாழ்ப்பாளை நானே வாங்கி மாட்டினேன், தண்ணீரும் குடிக்கிறேன்.

ஒன்று மட்டும்: வெடிப்பு என்று முடிவு செய்தது உங்களைப் பார்த்த டாக்டர்தானே? ரத்தம் கருஞ்சிவப்பாகப் போனாலோ, எடை குறைந்தாலோ, சீழ், காய்ச்சல் இருந்தாலோ அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தளர்வான உடையும் ஒரு பாக்கெட் நாப்கினும் எடுத்துப் போங்கள். இரண்டு வாரம் கசிவு இருக்கும். நீங்கள் ஆணா பெண்ணா என்று கேள்வியில் தெரியவில்லை. ஆணாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், கடைக்காரர் எப்படியும் பேப்பரில் சுற்றித்தான் தருவார்.