தரை எத்தனை வருஷம் தாங்கும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கல், டைல்ஸ், மரம், வினைல் இவற்றில் எது அதிக நாள் வரும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கிரானைட்டும் மார்பிளும் ஒழுங்காகப் பதித்தால் கட்டடம் நிற்கும்வரை நிற்கும். நல்ல விட்ரிஃபைடு டைல்ஸ் (அதிக சூட்டில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுகிய ரகம்) 50 வருஷம்கூட வரும். முழு மரப்பலகைத் தரையும் பராமரித்தால் அதற்குக் குறையாது. வினைலும் (பிளாஸ்டிக் வகைத் தரை) லேமினேட்டும் (மரம்போல அச்சடித்த தாள் ஒட்டிய பலகை) பெரும்பாலும் 10 முதல் 20 வருஷம். கார்ப்பெட் 10 வருஷத்தைத் தொட்டாலே நல்ல உழைப்புதான்.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மேற்பரப்பு தேய்ந்தபிறகு அதே தரையை இழைத்தோ பாலிஷ் போட்டோ மீட்க முடியுமா என்று கேளுங்கள். மீட்க முடிகிற தரைக்குத்தான் நீண்ட ஆயுள்.

கேள்வி: மார்பிள் போட்டு எட்டு வருஷத்தில் பளபளப்பு போய்விட்டது. மாற்ற வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். உங்கள் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேல் மெருகு மட்டும்தான் போயிருக்கிறது. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவில் மார்பிள் 3 முதல் 4. செருப்போடு வீட்டுக்குள் வரும் மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. நடக்க நடக்க உப்புத்தாள் தேய்க்கிற வேலையை அந்த மணல் செய்கிறது. அப்புறம் எலுமிச்சை, வினிகர், அமிலம் கலந்த கழிவறைத் திரவம் எது பட்டாலும் மார்பிளில் உள்ள கால்சியம் கார்பனேட்டை அரிக்கும். துடைத்தாலும் போகாத மங்கலான வட்டங்கள் அப்படி வந்தவைதான்.

தேய்த்து மறுபாலிஷ் போடுங்கள், பழைய முகம் திரும்பிவிடும். வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு மிதியடி போட்டால் அடுத்த பாலிஷை நன்றாகவே தள்ளிப்போடலாம்.

கேள்வி: கூடத்தில் டைல்ஸ் திடீரென்று சத்தத்தோடு தூக்கிக்கொண்டது. போட்டு ஆறு வருஷம்தான் ஆகிறது. மட்டமான டைல்ஸ் கொடுத்துவிட்டார்களா?

இந்தக் கேள்வி நிறைய பேரிடமிருந்து வருகிறது. பெரும்பாலும் டைல்ஸ் மேல் தப்பு இருக்காது, பதித்த முறையில்தான் இருக்கும்.

விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. கறை பிடிக்காமல் இருப்பதற்கும் உறுதிக்கும் அதுவே காரணம். ஆனால் அதே குணத்தால் வெறும் சிமெண்ட் பால் அதன் முதுகில் சரியாகப் பிடிக்காது. அதற்கென்றே பாலிமர் கலந்த டைல் பசை இருக்கிறது. அதையும் நான்கு மூலையில் உருண்டை உருண்டையாக வைத்தால் பயனில்லை. பல் கரண்டியால் பரப்பி, டைல்ஸின் முதுகு முழுக்கப் பசை படும்படி அழுத்த வேண்டும்.

அடுத்தது இடைவெளி. வெயிலில் டைல்ஸ் விரியும், அடியிலுள்ள கான்கிரீட் காய்ந்து சுருங்கும். டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விடுவதற்கான ஸ்பேசர் இல்லாமல் ஒட்ட ஒட்டப் பதித்து, சுவரோரமும் கலவையால் அடைத்துவிட்டால் அந்த அழுத்தத்துக்குப் போக்கிடம் இருக்காது. பிடிமானம் எங்கே குறைவோ அங்கே தூக்கும். சுவரோரம் சில மில்லிமீட்டர் விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் (சுவரின் அடியோரப் பட்டை) மறைப்பதுதான் முறை.

இப்போது என்ன செய்யலாம்? மற்ற டைல்ஸையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வருகிற இடங்களைச் சாக்கட்டியால் குறியுங்கள். ஒன்றிரண்டு என்றால் அவற்றை மட்டும் எடுத்துப் பதிக்கலாம். அறை முழுக்க அப்படி என்றால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்க வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லேமினேட் பலகைகளின் ஓரம் உப்பிவிட்டது. சரிசெய்ய வழி உண்டா?

இல்லை. உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் நார். தண்ணீர் இறங்கி உப்பினால் காய்ந்தபிறகும் பழைய நிலைக்கு வராது. மேலே இருப்பது அச்சடித்த தாள் என்பதால் இழைக்கவும் முடியாது. அந்தப் பலகைகளை மாற்றுங்கள். ஈரம் புழங்குகிற அறைக்குச் சாதாரண லேமினேட்டை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

கேள்வி: முழு மரத்துக்கும் எஞ்சினியர்டு மரத்துக்கும் ஆயுளில் அவ்வளவு வித்தியாசமா?

எஞ்சினியர்டு மரம் என்பது ஒட்டுப்பலகை போன்ற அடிப்பலகையின்மேல் அசல் மரத்தை மெல்லிய தோலாக ஒட்டியது. அந்த மரத் தோலின் தடிமனைக் கேளுங்கள். 18 முதல் 20 மில்லிமீட்டர் முழுப்பலகையை நான்கைந்து முறை இழைக்கலாம். எஞ்சினியர்டு பலகையில் மேல் தோல் 4 மில்லிமீட்டர் இருந்தால் இரண்டு முறை தாங்கும். 2 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் இழைப்பு இயந்திரத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

வினைல் வாங்குபவர்களும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். 5 மில்லிமீட்டர் பலகை என்று சொல்வார்கள், ஆனால் தேய்மானத்தைத் தாங்குவது மேலே உள்ள மெல்லிய தெளிவான படலம் மட்டுமே. வீட்டுக்கு 0.3 மில்லிமீட்டர் போதும். நடமாட்டம் அதிகமுள்ள கூடத்துக்கு 0.5 வாங்குங்கள்.

கேள்வி: பழைய டைல்ஸை உடைக்காமல் அதன்மேலேயே புதியது போடலாமா?

பழையது எல்லா இடத்திலும் கெட்டியாக ஒட்டியிருந்தால் போடலாம். டைல்ஸ்மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கான பசையைத்தான் வாங்க வேண்டும். தளம் இந்தக் கூடுதல் எடையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். கதவுகளை அடியில் அறுக்க வேண்டிவரும், குளியலறைப் பக்கம் வாசல் படியின் உயரமும் மாறும். இவற்றையெல்லாம் அளந்து பார்த்துவிட்டு டைல்ஸ் வாங்கப் போங்கள்.