பென் டிரைவ்: வேகமும் ஆயுளும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அட்டையில் '400 எம்பி வேகம்' என்று போட்டிருந்த 128 ஜிபி பென் டிரைவ் வாங்கினேன். வீடியோ ஏற்றினால் கொஞ்ச நேரம் பறக்கிறது. பிறகு 20 எம்பிக்கு இறங்கிவிடுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. அட்டையில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகத்தைப் பொடி எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள். டிஎல்சி, கியூஎல்சி எனப்படும் நினைவகச் சிப்களில் ஒரே செல்லில், அதாவது தரவைப் பதியும் ஒரே சிற்றறையில், 3 அல்லது 4 பிட் பதிய வேண்டும். அது மெதுவான வேலை. அதனால் பல டிரைவ்களில், எங்கே எழுதுவது என்று நிர்வகிக்கும் கன்ட்ரோலர், நினைவகச் சிப்பின் ஒரு பகுதியைச் செல்லுக்கு 1 பிட் என்று ஒதுக்கி, வருவதை முதலில் அங்கே வாங்கிப் போட்டுக்கொள்ளும். அந்த இடம் நிரம்பியதும் டிரைவின் நிஜ வேகம் வெளிப்படும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 ஜிபி ஃபைலை நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுத 1,000 நொடி, அதாவது ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். 200 எம்பி என்றால் 100 நொடி. தினமும் பெரிய ஃபைல்களைத் தூக்கிச் செல்பவர் உள்ளே எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வரும் வேகமான சிப் சேமிப்பகம்) கன்ட்ரோலர் உள்ள வகையை வாங்குவதே சரி. கிங்ஸ்டன் டேட்டாட்ராவலர் மேக்ஸ், டிரான்ஸ்சென்ட் இஎஸ்டி310 போன்றவை அந்த ரகம். நீண்ட நேரம் எழுதினால் இவை நன்றாகச் சூடாகும். சூடு ஏறினால் வேகம் தானாகக் குறையும். வேர்டு, பிடிஎஃப் மட்டும் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம்.

புதிதாக வாங்கியதும், காலியாக இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். அதற்கான மென்பொருள்: விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw); மேக், லினக்ஸில் எஃப்3 (F3). இவை டிரைவை முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நீடித்த வேகமும் தெரியும். 16 ஜிபி சிப்பை 128 ஜிபி என்று காட்டும் போலியும் பிடிபடும். போலியில் கொள்ளளவு தாண்டியதும் ஃபைல் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

கேள்வி: அதே டிரைவ் அலுவலகக் கணினியில் வேகமாகவும் வீட்டில் 35 எம்பியைத் தாண்டாமலும் இருக்கிறதே?

பதில்: வீட்டில் அது பழைய, மெதுவான யுஎஸ்பி 2.0 வேகத்தில் இணைகிறது. அதன் நடைமுறை வரம்பு 30 முதல் 40 எம்பி. போர்ட்டின் உள்நாக்கு நீல நிறமா என்று பாருங்கள், நீலம் பொதுவாக வேகமான யுஎஸ்பி 3.0க்கு அடையாளம். எல்லாத் தயாரிப்பாளரும் நீலம் போடுவதில்லை என்பதால் கணினியின் விவரக் குறிப்பே உறுதி. நீலப் போர்ட்டிலும் மெதுவாக இருந்தால், செருகிய விதமே காரணமாக இருக்கலாம். டிரைவின் செருகும் பகுதியில் முன்வரிசை 4 முனைகள் 2.0க்கு, பின்வரிசை 5 முனைகள் 3.0க்கு. மெதுவாகச் செருகினால் முன்வரிசை முதலில் தொட்டு, 2.0 ஆகவே இணைந்துவிடுவது உண்டு. கழற்றி, ஒரே தள்ளில் முழுவதும் செருகுங்கள். தூசி அடைந்த முனைகளும் இதே கோளாறைத் தரும்.

கேள்வி: சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள எப்படிப்பட்ட டிரைவ் நல்லது?

பதில்: உலோக உடல், தனி மூடி இல்லாதது, வளையம் உடலோடு ஒரே துண்டாக இருப்பது. மூடி தொலைந்துபோகும், தள்ளி நீட்டும் வகையில் பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்து, செருகும்போது முனை உள்ளே போய்விடும். நீளமான டிரைவ் லேப்டாப்பில் செருகியிருக்கும்போது கை பட்டால், உள்ளே சர்க்யூட் போர்டும் முனையும் சேரும் இடத்து ஈயப்பற்று விட்டுவிடும். கையடக்கமான குட்டை டிரைவில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் அவற்றில் பல, எல்லாம் ஒரே வார்ப்பாக அடைத்தவை: தண்ணீரைத் தாங்கும், கெட்டால் தரவை மீட்பது மிகக் கடினம்.

கேள்வி: 5 ஜிபி படம் ஏற்றினால் 'ஃபைல் மிகப் பெரியது' என்கிறது. இடம் நிறைய இருக்கிறது.

பதில்: ஃபைல்களை டிரைவில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகள் பல. உங்கள் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருக்கிறது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய டிவி, கார் ஸ்டீரியோ சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அவற்றுக்கென்று சின்ன டிரைவ் ஒன்றை ஃபேட்32இலேயே வைத்துக்கொள்ளுங்கள்.