பலம் கூடிய தகட்டுக்குச் சூடு காட்டலாமா?

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ‘லைட் வெயிட் ஸ்டீல்’ என்று தகடு வாங்கினோம். வளைத்தால் எம்.எஸ். (சாதாரண மைல்டு ஸ்டீல்) தகட்டைவிட அதிகமாகப் பழைய நிலைக்கே திரும்புகிறது, சில துண்டுகளில் ஓரத்தில் விரிசலும் விடுகிறது. கேஸில் சூடு காட்டி வளைக்கலாமா?

பதில்: சூடு மட்டும் காட்டாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய பலமே போய்விடும்.

முதலில் ஒரு துண்டை எடை போடுங்கள். 1 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் சுமார் 7.85 கிலோ வந்தால், அது சாதாரண இரும்பின் எடைதான். பலம் கூடியதால் மெல்லிசாகப் போடலாம், வண்டி எடை குறையும், அவ்வளவே. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் இதுதான். நிஜமாகவே இலேசான ரகத்தில் மாங்கனீசோடு அலுமினியமும் சேர்ப்பார்கள். அலுமினியம் 1 சதவீதம் கூடினால் அடர்த்தி ஏறக்குறைய 1.3 சதவீதம் குறையும்.

இரும்பு வளையும்போது அணு வரிசைகள் மொத்தமாக நழுவுவதில்லை. வரிசையில் இருக்கும் ஒரு பிசகுதான் நகர்கிறது, ஜமுக்காளத்தை இழுக்காமல் அதன் சுருக்கத்தை மட்டும் மறு ஓரத்துக்குத் தள்ளுவதுபோல. டெய்லர், ஒரோவான், பொலானி என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1934-ல் தனித்தனியே இதைச் சொன்னார்கள். எம்.எஸ். தகட்டில் பிசகுகள் சுலபமாக ஓடும். பலம் கூடிய தகடுகளில் ஒன்றான டூயல் பேஸ் ரகத்தில் இரும்பின் இரண்டு உள்ளமைப்புகள் கலந்திருக்கும்: மென்மையான ஃபெரைட் நடுவே கடினமான மார்ட்டன்சைட் தீவு தீவாக நிற்கும். ஓடி வரும் பிசகுகள் அதன் ஓரத்தில் முட்டிக் குவியும். பலம் அங்கேதான் பிறக்கிறது, விரிசலும் அங்கேதான். ஃபெரைட் இழுபடும், மார்ட்டன்சைட் அவ்வளவாகக் கொடுக்காது, நடுவில் நுண்ணிய ஓட்டை விழும். ஷியரிங் மெஷினில் வெட்டும்போதே விளிம்பில் இந்த ஓட்டைகள் விழுந்துவிடுகின்றன. உங்கள் விரிசல் ஓரத்தில் தொடங்குவது அதனால்தான்.

கேஸ் சூட்டில் மார்ட்டன்சைட்டின் பதம் இறங்கிவிடும். அலுமினிய ரகத்திலோ, பலம் தரும் நானோமீட்டர் அளவுக் கார்பைடு (கார்பன் சேர்மம்) துகள்கள் பருத்து, இரும்பின் படிக மணிகளின் எல்லையில் சேர்ந்து, தகடே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடலாம்.

திரும்புவதற்குக் காரணம் வேறு. விறைப்பு எம்.எஸ். அளவுதான், ஆனால் பிசகுகளை நகர்த்தக் கூடுதல் அழுத்தம் வேண்டும். பிரஸ்ஸை எடுத்ததும் அதற்கேற்பத் தகடு மீள்கிறது. ஆகவே தேவையான கோணத்தைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக வளையுங்கள்.

விரிசலுக்கு, பெரிய ஆரமுள்ள பஞ்ச் போடுங்கள். வளைவுக் கோடு ரோலிங் திசைக்கு (மில்லில் தகட்டை உருட்டிய திசைக்கு) குறுக்கே வரட்டும். வெட்டிய விளிம்பைக் கிரைண்டரில் வழவழப்பாக்கி, பிசிறு இருந்த பக்கத்தை வளைவின் உட்புறம் வையுங்கள். அப்புறம், அடுத்த லோடு வாங்கும்போது மில் சர்டிபிகேட்டோடு, குறைந்தபட்ச வளைவு ஆரம் எவ்வளவு என்ற விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.