பீரோ சாவியும் மூன்று டிரங்குப் பெட்டியும்

கேள்வி: வணக்கம் அம்மா. தேவகோட்டை பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். ஐந்து வகுப்பும் சேர்த்து 64 பிள்ளைகள், நாங்கள் மூன்று ஆசிரியர்கள். ஜூனில் பள்ளி திறந்த அன்றே தலைமையாசிரியர் நூலகப் பொறுப்பை என் தலையில் வைத்து, பீரோ சாவியையும் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு இரும்பு பீரோ, பதிவேட்டின்படி 612 புத்தகம். இதுவரை அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும்தான் திறப்பார்களாம். புத்தகம் தொலைந்தால் என் கைக்காசைத்தான் கட்ட வேண்டும் என்று பழைய டீச்சர் பயமுறுத்திவிட்டுப் போனார். இதற்கிடையில் ஊரில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி, ஐயா காலத்துப் புத்தகம் மூன்று டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. முதலில் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, வகை பிரித்து, பதிவேட்டைச் சரிசெய்து முடித்துவிட்டு ஆகஸ்டில் திறக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் போன வருஷம் பீரோ திறந்த அன்று பார்த்த ரயில் படப் புத்தகத்தைக் கேட்டுத் தினமும் வந்து நிற்கிறான். அவனுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில்: ஆகஸ்டு வேண்டாம் அம்மா. ஆகஸ்டு என்பீர்கள், ஆடித் திருவிழா வரும், சுதந்திர தின ஒத்திகை வரும், அப்புறம் காலாண்டுத் தேர்வு. பீரோ அடுத்த ஜூன்வரை பூட்டியே கிடக்கும். நான் முப்பது வருஷம் பார்த்தது இது.

முதலில் அந்தப் பயத்தைப் பேசிவிடுவோம். நானும் அப்படி இருந்தவள்தான். முதன்முதலாக நூலகப் பொறுப்பு வந்த பள்ளியில், மர அலமாரி, நல்ல பூட்டு, இரண்டு வருஷம் ஒரு புத்தகம் வெளியே போகவில்லை. கணக்கு அவ்வளவு சுத்தம். மூன்றாம் வருஷம் திறந்து பார்த்தால் கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். அட்டை அப்படியே நிற்கிறது, உள்ளே மண். எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது. அன்றைக்கு நான் அழுதது புத்தகத்துக்காகவா, என் கூறுகெட்டத்தனத்துக்காகவா என்று இன்றும் தெரியவில்லை.

நம் பக்கத்து ஊர்களில் பற்று வரவு எழுதத் தெரியாத வீடு உண்டா? பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்களின் பேரேட்டில்கூட வராக்கடன் என்று ஒரு கணக்கு இருந்தது. கொடுத்தால் சிலது திரும்பாது என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள். உங்கள் பதிவேட்டிலும் அந்தப் பத்தி வேண்டும். கிழிந்தது, தொலைந்தது இரண்டையும் தேதியோடு அவ்வப்போது எழுதுங்கள். வருஷக் கடைசியில் தலைமையாசிரியர் பார்வைக்கு வைத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டித் தீர்மானத்தில் ஏற்றுங்கள். நீக்கம் செய்ய என்ன நடைமுறை என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்த பிறகு போய் நிற்காதீர்கள். நீங்களாக ஒரு புத்தகத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். அது ஒன்றுதான் உண்மையிலேயே வம்பில் கொண்டுபோய் விடும்.

இனி வேலை. ஒரு சனிக்கிழமை போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை வைத்துக்கொண்டு எல்லாப் புத்தகத்தையும் தாழ்வாரத்தில் பாய் விரித்து அடுக்குங்கள். வெயிலில் போடாதீர்கள், தாள் மஞ்சளாகி மொறுமொறுவென்று ஆகிவிடும். நிழலில் காற்றுப் பட்டால் போதும். ஒவ்வொன்றையும் ஒரு தட்டுத் தட்டிப் புரட்டுங்கள். வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடுகிற பூச்சி இராமபாணம், தாளைத் தின்னும். அது இருக்கிற புத்தகத்தைத் தனியாக வையுங்கள். பாச்சை உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம், மிட்டாய் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாயில் போட்டால் அது விஷம். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று வைத்தால் போதும், ஏட்டுச்சுவடி காலத்து வழக்கம் அது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் இழுக்கும்போது இதன் அருமை தெரியும்.

இப்போது 612இல் பிள்ளைகள் கையில் கொடுக்கத் தகுந்தது எத்தனை என்று பாருங்கள். இங்கேதான் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். சூரியனுக்கு ஒன்பது கோள் என்று சொல்கிற அறிவியல் புத்தகம் 2006க்கு முந்தியது, புளூட்டோவை அந்த வருஷமே குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள். தெலங்கானா இல்லாத இந்திய வரைபடம் 2014க்கு முந்தியது. தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்கிற பொது அறிவுப் புத்தகம் இன்னும் எத்தனை பள்ளிக்கூடத்தில் கிடக்கிறதோ, இப்போது 38. இப்படித் தப்பாகிப்போன தகவல் புத்தகம், போட்டித் தேர்வு கைடு, யாரோ வாங்கி யாரும் தொடாத ஆயிரம் பக்க வாழ்க்கை வரலாறு, எல்லாம் பதிவேட்டிலே இருக்கட்டும், கீழ்த்தட்டுக்குப் போகட்டும். கையில் இருநூறு நின்றாலும் தாராளம். 64 பிள்ளைக்கு இருநூறு நல்ல புத்தகம் என்பது ஆளுக்கு மூன்று!

தலைமையாசிரியர் அறையையும் ஒரு தடவை துழாவுங்கள். 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் அங்கே கட்டுப் பிரிக்காமல் இருந்தாலும் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்தவை. ‘நுழை’யில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். எழுத்துக் கூட்டத் திணறுகிற நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் அதையே கொடுக்கலாம், ஆனால் ‘நீ இதைத்தான் படிக்கணும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். தம்பி தங்கைக்குப் படித்துக் காட்டு என்று சொல்லிக் கொடுங்கள். வாங்கிக்கொண்டு ஓடிவிடும்.

டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாம் கட்டு அறையைத் திறந்தால் புத்தகம் இருக்கும் என்பது சும்மா சொல்கிற பேச்சில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்து வைத்த ஒரு லட்சம் அளவிலான நூலும் இதழும்தான், அவர் 1992இல் காலமான பிறகு, 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக நிற்கிறது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் பதிப்பாளர் சக்தி வை. கோவிந்தனும் இராயவரத்துக்காரர்கள். எழுதுவதும் அச்சுப் போடுவதும் இந்த மண்ணில் குலத்தொழில் மாதிரியே நடந்திருக்கிறது. ஆகையால் அந்தப் பெட்டியில் குப்பை இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது உங்கள் பிள்ளைகளுக்கான புத்தகம் இல்லை.

ஏன் என்று ஒரு பக்கத்தைத் திறந்தாலே தெரியும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் அச்சான புத்தகத்தில் ணை, லை, ளை, னை நாலுக்கும் யானைத் தும்பிக்கை மாதிரிச் சுழி முன்னால் நிற்கும். ணா, றா, னாவும் அவற்றின் ஒகர ஓகாரங்களும் வேறு வடிவில் இருக்கும். மொத்தம் 13 எழுத்து. உங்களுக்கும் எனக்கும் கண் தானாகத் தாண்டிவிடும். இப்போதுதான் ‘மலை’ என்று கூட்டிப் படிக்கிற பிள்ளை அந்த ‘லை’யில் முட்டி நின்றுவிடும். ஐந்தாம் வகுப்புக்கு வேண்டுமானால் ஒரு நாள் விடுகதை மாதிரி ஒரு பக்கத்தைக் காட்டலாம், குதூகலமாகக் கண்டுபிடிப்பார்கள். அதற்கு ஒரு புத்தகம் போதும், மூன்று பெட்டி வேண்டாம். பெட்டியோடு பூச்சியும் வரும் என்பது இன்னொரு காரணம்.

ஆச்சியிடம் ‘வேண்டாம்’ என்ற சொல்லே வரக் கூடாது. நேரில் போங்கள், காபி கொடுப்பார்கள், குடியுங்கள். பெட்டியைத் திறந்து நாலு புத்தகத்தைக் கையில் எடுத்து, ஐயா எந்த வருஷம் வாங்கியது என்று கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்: ‘ஆச்சி, இது பெரிய படிப்புப் படிக்கிறவர்கள் தேடி வருகிற சரக்கு, பிள்ளைகள் கையில் கிழிந்துபோகும். சென்னை ஆய்வு நூலகத்துக்கு உங்கள் வீட்டார் ஒரு கடிதம் எழுதிக் கேட்கட்டும்.’ அதைச் சொல்லி முடித்த கையோடு உங்களுக்கு வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். ஐயா பேரில் பிள்ளைகளுக்கு முப்பது படப் புத்தகம், இரண்டு கோரைப் பாய், ஒரு மின்விசிறி. பயன்படாமல் நிற்கிற பர்மாத் தேக்கு அலமாரி ஒன்று இருந்தால் கூச்சமே படாதீர்கள், கண்ணாடிக் கதவு போட்டதாக இருந்தால் இன்னும் விசேஷம். கொடுக்க நினைத்த மனசு, எதைக் கொடுத்தாலும் நிறையும்.

புத்தகம் வாங்க வேறு வழியும் உண்டு. சமக்ர சிக்ஷா என்கிற ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு இடம் இருக்கிறது. இந்த வருஷம் உங்கள் பள்ளிக்கு எவ்வளவு, பட்டியல் யார் கையில் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் படத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சடித்து நடுவில் நூல் போட்டுத் தைத்தால் ஒரு புத்தகம்.

அடுக்குவதற்கு எண் முறையெல்லாம் தொடக்கப் பள்ளிக்கு வேண்டியதில்லை. புத்தகத்தின் முதுகுப் பக்கத்தைப் பார்த்துப் பிள்ளை எடுக்காது, அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டித் துணிக் கிளிப் போட்டு மெல்லிசுப் புத்தகத்தைத் தொங்கவிடுங்கள். பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு, உங்கள் உயரத்துக்கு இல்லை! ஒன்று, இரண்டு வகுப்புக்கு ஓலைக் கொட்டானில் போட்டுத் தரையில் வைத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் கொட்டானைக் கண்டால் உள்ளே என்ன என்று கையை விட்டுப் பார்க்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை, இங்கேயும் விடும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பொட்டு ஒட்டினால் திரும்ப வைக்கிற வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வழங்குவதற்கு வகுப்புக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம், புத்தகத்தின் பெயர், போன தேதி, வந்த தேதி. ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர் எழுதுவார்கள், வாரம் ஒருவராக மாற்றாதீர்கள், ஒரு மாதம் இருந்தால்தான் வேலை பிடிபடும். ஒன்றாம் வகுப்புக்கும் வீட்டுக்குக் கொடுங்கள். கிழித்துவிடும் என்பீர்கள். கிழிக்கட்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பசையும் டேப்பும் வைத்து ஒட்டுகிற வேலையையும் அவர்களிடமே கொடுங்கள், இரண்டு வாரத்தில் கிழிசல் தானாகக் குறையும். ஒன்று மட்டும்: கொண்டுவர மறந்த பிள்ளையை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். மறுவாரம் அந்தப் பிள்ளை புத்தகம் மட்டுமில்லை, நூலக நாளன்று பள்ளிக்கே வராது.

வாரத்தில் ஒரு பாடவேளை நீங்களே ஒரு கதையை வாய்விட்டுப் படியுங்கள். இருபது நிமிஷம். முடிந்ததும் ‘இந்தக் கதையின் நீதி என்ன’ என்று கேட்டுவிடாதீர்கள் அம்மா, புண்ணியமாய்ப் போகும். புத்தகத்தை மூடுங்கள், மணி அடிக்கட்டும்.

அந்த ரயில் பையன். அவனுக்குச் சனிக்கிழமைவரை என்ன வேலை? இந்தப் பதிலை நீங்கள் படிக்கிற மறுநாள் காலையில், பிரேயர் முடிந்ததும் பீரோவைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுங்கள். நோட்டு வாங்கவில்லை என்றால் கரும்பலகையின் ஓரத்தில் அவன் பெயரை எழுதி வையுங்கள். அடுத்த வாரம் கொண்டுவந்து அதே புத்தகத்தையே திரும்பக் கேட்பான். மறுபடியும் கொடுங்கள்.