வெளிநாட்டில் செய்த செலவைச் சின்ன கம்பெனியின் வரிக்கணக்கில் கழிக்க முடியுமா?

கழிக்கலாம். பணம் எந்த நாட்டில் செலவானது என்பதை விட, எதற்காகச் செலவானது என்பதைத்தான் பெரும்பாலான நாடுகளின் வரிச்சட்டம் பார்க்கிறது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் (2026 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம்) 37(1) பிரிவும் சரி, பிரிட்டன் சட்டமும் சரி, கேட்பது ஒன்றைத்தான்: செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே நடந்ததா?

சின்ன கம்பெனிகளுக்குக் கணக்கு பார்ப்பது என் பிழைப்பு. வெளிநாட்டுப் பயண ஃபைல் வந்தால் முதலில் நான் தேடுவது, எந்தத் தேதியில் யாரைப் பார்த்தார், என்ன பேசினார் என்று அன்றன்றைக்கே எழுதிய தாளை. வருஷக் கடைசியில் உட்கார்ந்து யோசித்து எழுதியது பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும்.

பொருட்காட்சிக்குப் போய், வேலை முடிந்தபின் மூன்று நாள் ஊர் சுற்றினால் டிக்கெட்டை முழுசாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றிய நாட்களின் ஹோட்டலும் சாப்பாடும் உங்கள் சொந்தச் செலவு, அதில் பேச்சே இல்லை. டிக்கெட்தான் இழுபறி. அமெரிக்காவில் இதற்கு ஓரளவு தெளிவான கோடு உண்டு. பயணம் முக்கியமாகத் தொழிலுக்கானது, வெளியே இருந்தது ஒரு வாரத்துக்குள் என்றால் டிக்கெட்டைப் பிரிக்க வேண்டாம். அதற்கு மேல் இருந்தாலும் சொந்த வேலைக்குப் போன நேரம் 25 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை ஒரு மீட்டிங், திங்கட்கிழமை இன்னொன்று என்றால் இடையில் வரும் சனி, ஞாயிறும் தொழில் நாள் கணக்கில்தான் சேரும். இப்படிக் கோடு போடாத நாடுகளில் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேச வேண்டும். கூடவே வந்த குடும்பத்தாரின் டிக்கெட்டை இதில் நுழைக்காதீர்கள். ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்ற பில்களையும் சந்தேகத்தோடு புரட்டுவார்கள்.

அப்புறம், பயணத்தை விடப் பெரிய அடி விழுவது உட்கார்ந்த இடத்திலிருந்து அனுப்பும் பணத்தில். வெளிநாட்டு ஃப்ரீலான்ஸருக்கோ மென்பொருள் கம்பெனிக்கோ பணம் அனுப்பும்போது வரி பிடித்தம், அதாவது அதில் ஒரு பங்கை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது, செய்ய வேண்டியிருக்கலாம். நான் சொன்ன அந்த இந்தியச் சட்டத்தில், பிடிக்க வேண்டிய வரியைப் பிடிக்காவிட்டால் உள்நாட்டு ஆளுக்குக் கொடுத்ததில் 30 சதவீதம்தான் செலவுக் கணக்கிலிருந்து அடிபடும். வெளிநாட்டவருக்குக் கொடுத்ததென்றால் முழுத் தொகையும் போச்சு. பிற்பாடு வரியைக் கட்டினால், கட்டிய வருஷத்தில் கழித்துக்கொள்ளலாம். பிடித்தம் உண்டா, எத்தனை சதவீதம் என்பது இரு நாடுகளுக்கிடையே உள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தையும், அது எந்த வகை வேலை என்பதையும் பொறுத்தது. ஆகவே பணம் அனுப்புவதற்கு முன்னாலேயே நீங்கள் அவரோடு போட்ட வேலை ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கார்டில் கட்டியிருந்தால் ஹோட்டல் பில், கார்டு ஸ்டேட்மென்ட் இரண்டும் வேண்டும். பில்லில் வெளிநாட்டுப் பணம் இருக்கும், ஸ்டேட்மென்ட்டில் நம் பணம் இருக்கும். கீழே நாணய மாற்றுக் கட்டணம் என்று தனிப் பதிவு ஒன்று நிற்கும். அதுவும் தொழில் செலவுதான், பலர் விட்டுவிடுகிறார்கள். பில் கம்பெனி பெயரில் இருக்கட்டும். ஐரோப்பிய நாடுகளில் கட்டிய வாட் வரியைச் சில சமயம் திரும்ப வாங்க முடியும். உங்கள் சொந்தப் பெயரில் பில் இருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். திரும்பக் கிடைத்த தொகையைச் செலவாகவும் எழுதக் கூடாது.

வாடிக்கையாளருக்குக் கொடுத்த விருந்து ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் அதைக் கழிக்கவே விடமாட்டார்கள், அமெரிக்காவில் சாப்பாட்டுச் செலவில் பொதுவாகப் பாதி. உங்கள் கம்பெனி எந்த நாட்டில் வரி கட்டுகிறதோ அந்த நாட்டு விதிதான் செல்லும், விருந்து நடந்த நாட்டு விதி இல்லை.