கோகுவின் குரல் ஒரு பாட்டியுடையது: நொசாவா மசாகோ பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

டிராகன் பால் என்ற ஜப்பானிய அனிமே தொடரின் நாயகன் கோகுவுக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுப்பவர் 1936-ல் பிறந்த நொசாவா மசாகோ என்ற பெண்மணி என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, கோகு மலையையே உடைக்கிற ஆள். ஜப்பானிய மொழியில் பார்த்தால் கீச்சென்று கத்துகிறார். ஒரு ஆணைப் பேச வைத்திருக்கக் கூடாதா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். ஆங்கில டப்பிங்கில் பழகிய காதுக்கு ஆரம்பத்தில் இடறத்தான் செய்யும். ஆனால் 1986 பிப்ரவரியில் தொடர் தொடங்கியபோது கோகு வால் முளைத்த சின்னப் பையன், அந்தப் பையனுக்குத்தான் குரல் தேர்வு நடந்தது, நொசாவாவைத் தேர்ந்தெடுத்ததும் கதையை வரைந்த தோரியாமா அகிராவே. அப்புறம் பையன் வளர்ந்தான், கல்யாணம் ஆனது, பிள்ளையும் பிறந்தது, குரலை மட்டும் மாற்றவில்லை. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. கோகுவுக்கு வயது ஏறுகிறதே தவிர சுபாவம் அதேதான். தன்னைவிடப் பலசாலி எதிரே வந்து நின்றால் பயப்படாமல் சந்தோஷப்படுகிற ஆள் அவன். கனத்த ஆண் குரலில் அந்த வெள்ளந்தித்தனம் எனக்குக் கேட்பதே இல்லை.

கேள்வி: ஷின்சானுக்கும் நருட்டோவுக்கும் பெண்கள்தான் பேசுகிறார்களாமே? சிறுவர்களையே பேச வைத்தால் என்ன?

ஆமாம். நருட்டோவுக்கு தகேயுச்சி ஜுன்கோ, ஒன் பீஸ் லூஃபிக்கு தனாகா மயுமி (கோகுவின் நண்பன் கிரில்லினும் இவரேதான்), துப்பறியும் சிறுவன் கோனனுக்கு தகயாமா மினாமி. ஷின்சானுக்கு 2018 வரை யஜிமா அகிகோ, அதன் பிறகு கொபயாஷி யுமிகோ. எல்லோரும் பெண்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நொசாவா பேட்டிகளில் சொல்லும் காரணம் சுவாரசியமானது. ஜப்பானில் டிவி ஒளிபரப்பு 1953-ல் தொடங்கியது. அந்த ஆரம்ப காலத்தில் வெளிநாட்டு நாடகங்களுக்கு முன்கூட்டியே டப்பிங் செய்து வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது, படம் ஓட ஓட நடிகர்கள் நேரலையாகவே பேசுவார்கள். யாராவது தடுமாறினால் அதுவும் அப்படியே வீட்டு டிவிக்குப் போய்விடும். கதையில் சிறுவன் வந்தால் சிக்கல், ஏனென்றால் இரவு நேரத்தில் குழந்தைகளை வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. வளர்ந்த ஆண் பேசினால் சிறுவன் மாதிரி இருக்காது. அப்படியானால் வளர்ந்த பெண்ணை வைத்துப் பார்ப்போம் என்று நாடகக் குழுக்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள், குரல் தேர்வுக்குப் போய்த் தேறி வந்தவர் நொசாவா. இன்னொரு வசதியும் இதில் உண்டு. நிஜச் சிறுவன் என்றால் இரண்டு மூன்று வருஷத்தில் குரல் உடைந்துவிடும். தொடர் பத்து வருஷம் ஓடினாலும் பெண்ணின் குரலில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே குரல் கொடுப்பதுதான் அவர் தொழிலா?

இல்லை, நடிப்புதான் முதலில். டோக்கியோவில் பிறந்தவர், அப்பா ஓவியர். சினிமாவில் இருந்த அத்தை மூலமாக மூன்று வயதிலேயே படத்தில் தலை காட்டிவிட்டார். போர்க்காலத்தில் டோக்கியோவை விட்டு குன்மா பக்கம் போய் அங்கே படித்தார். பிறகு நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் டப்பிங் என்பது மேடை நாடகத்துக்குக் காசு சேர்க்கும் துணைவேலை. மேடையில் நின்று பழகிய அந்த உடம்பும் மூச்சும்தான் பின்னால் கோகு உரக்கக் கத்தி விடும் சக்தித் தாக்குதலான கமேஹமேஹாவுக்குக் கை கொடுத்தன என்பது என் கணிப்பு.

கேள்வி: கோகு, கோஹன், கோட்டன் மூன்றும் ஒரே ஆளா? தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டுவார்களா?

கோகு, அவன் பிள்ளைகள் கோஹன், கோட்டன், மூன்றும் அவரே. கோகுவின் அப்பா பார்டாக்கும் அவர்தான், டிராகன் பால் சூப்பரில் வரும் வில்லன் கோகு பிளாக்கும் அவர்தான், அதாவது அந்தச் சண்டையில் அவரே அவரை மிரட்டிக்கொள்கிறார். தனித்தனியாகப் பதிவு செய்வதில்லை, வரிசையாக அப்படியே பேசிவிடுகிறார். திரையில் எந்த முகம் தெரிகிறதோ அந்த ஆளாகவே மாறிவிடுவேன் என்ற பொருளில்தான் எப்போதும் விளக்கம் சொல்லியிருக்கிறார்.

பதிவு நடக்கும் விதம் தெரிந்தால் இது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். படம் முன்னால் ஓடும். மைக்குகள் மூன்று நான்குதான் இருக்கும், நடிகர்களோ அதைவிட அதிகம். எல்லோரும் ஸ்கிரிப்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி, தன் வசனம் வரும்போது காலியாக இருக்கும் மைக்குக்குப் போய்ப் பேசிவிட்டு அடுத்தவருக்கு வழிவிட்டு நகர வேண்டும். தாள் புரட்டும் சத்தம் மைக்கில் விழக் கூடாது, சரசரக்கும் துணியைக் கூட உடுத்தி வர மாட்டார்கள். இதற்கு நடுவே ஒருவர் அப்பாவாகக் கேள்வி கேட்டு, மூச்சு விடும் நேரத்தில் மூத்த பிள்ளையாகப் பதில் சொல்லி, உடனே சின்னவனாகச் சிணுங்குகிறார்.

கேள்வி: டோரேமானுக்கும் பேசியிருக்கிறாரா? யாரோ சொன்னார்கள்.

பேசியிருக்கிறார், ஆனால் நாம் பார்த்த டோரேமானுக்கு இல்லை. 1973-ல் ஒரு பழைய டோரேமான் தொடர் வந்தது, அதில் முதலில் தொமிதா கோசெய் என்ற நடிகர் பேசினார், பாதியில் நொசாவா வந்தார். 1979-ல் தொடங்கிய புகழ்பெற்ற தொடரில் 2005 வரை ஒயாமா நொபுயோ, அதற்குப் பிறகு மிசுதா வசாபி.

கேள்வி: கோகுவைத் தவிர வேறு பெரிய வேடம் உண்டா அக்காவுக்கு? (பாட்டி என்று சொல்ல மனசு வரவில்லை!)

நிறைய. கோகு வரும்போது அவருக்கு 49 வயது, அதற்கு முன்னாலேயே ஜப்பானில் வீட்டுக்கு வீடு தெரிந்த குரல். 1978-ல் கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999 தொடரில் டெட்சுரோ, 1980-ல் டாம் சாயர்.

எனக்கு மிகவும் பிடித்தது கிட்டாரோ. பேய்களோடு வாழும் பேய்ச் சிறுவனின் கதை, 1968-ல் கறுப்பு வெள்ளையில் வந்த முதல் தொடரில் கிட்டாரோ இவர்தான். அவனுடைய அப்பா வெறும் கண்விழி, குட்டியாகக் கை கால் முளைத்து மகனின் தலைமுடிக்குள் உட்கார்ந்திருப்பார். அந்த அப்பாவுக்குப் பல காலம் குரல் கொடுத்த தனோனகா இசாமு 2010-ல் காலமானார். 2018-ல் புதுத் தொடர் எடுத்தபோது அப்பா வேடத்தை நொசாவாவிடம் கொடுத்தார்கள். மகனாக சவாஷிரோ மியுகி பேசினார். அரை நூற்றாண்டுக்கு முன் மகனாக “அப்பா” என்று கூப்பிட்டவர், இப்போது அப்பாவாக “கிட்டாரோ!” என்று கூப்பிடுகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: நல்ல சம்பளம் வருமா?

அவருடைய வருமானத்தைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. பொதுவாகச் சொல்கிறேன். நடிகர் சங்கத்தின் சம்பளப் படிநிலை உண்டு. கீழ்ப்படியில் இருக்கும் புதியவருக்கு அரை மணி நேர எபிசோடுக்கு 15,000 யென், ஒரு வசனம் பேசினாலும் நூறு வசனம் பேசினாலும் அதேதான். பெரும்பாலான இளம் கலைஞர்கள் பகுதிநேர வேலை பார்த்துத்தான் பிழைக்கிறார்கள். இந்த அளவுக்காவது வந்ததே, 1973-ல் வேலைநிறுத்தம் வரை போய்ப் போராடிய பிறகுதான். ரசிகர்கள் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கின்னஸ் சாதனை உண்மையா?

உண்மை. ஒரே கதாபாத்திரத்துக்கு வீடியோ கேம்களில் மிக நீண்ட காலம் குரல் கொடுத்தவர் என்று 2017-ல் தந்தார்கள், கணக்கு 23 ஆண்டு 218 நாள். டிவியையும் சேர்த்தால் அதைவிட நீளம்.

கேள்வி: கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, அவருக்குப் பிறகு யார்?

2024 அக்டோபரில் டிராகன் பால் டைமா என்ற தொடர் வந்தபோது 88 வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அதில் பெரிய கோகு, மறுபடியும் சின்னவனாகிவிட்ட கோகு, இரண்டும் அவரே. அதனால் இப்போதே வாரிசு தேடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஜப்பானில் கதாபாத்திரத்தை நிறுத்திவிட மாட்டார்கள். கோகுவின் தோழி புல்மாவுக்கு ஆரம்பத்திலிருந்து பேசிய த்சுரு ஹிரோமி 2017-ல் திடீரென்று இறந்தபோது ஹிசகாவா அயா வந்தார், ரசிகர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கோகு விஷயத்தில் ஏற்றுக்கொள்ள அதிக காலம் பிடிக்கும்.

கேள்வி: டப்பிங்கில் மட்டுமே பார்த்தவன் நான். ஜப்பானிய மொழியில் எங்கே தொடங்குவது?

டிராகன் பால் இசட்டில் செல் என்ற வில்லனுடனான சண்டையின் கடைசிக் கட்டம். கோகு இறந்துவிட்டான், மேலுலகத்திலிருந்து மகனுக்குத் தைரியம் சொல்கிறான். கோஹன் ஒரு கை உடைந்த நிலையில் தயங்குகிறான். அப்பாவும் மகனும் சேர்ந்து கமேஹமேஹா விடுகிறார்கள். அத்தனையும் ஒரே தொண்டை. அடுத்து, ஒரு நாள் மட்டும் பூமிக்கு வரும் கோகு, தான் பார்த்தே இராத சின்ன மகன் கோட்டனைச் சந்திக்கும் இடம். அம்மாவின் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்ப்பான் பையன். சப்டைட்டிலைக் கூட விட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள், யார் அப்பா யார் பிள்ளை என்று உங்களுக்கே தெரியும்.