ஆறு பொதுதான் தம்பி, முதுகுப் பக்கம் யார் நிற்கிறார் என்று பார்த்தீர்களா?

கேள்வி: கனடாவில் இருக்கும் சித்தப்பா மீன்பிடிக்கிற ஃப்ளை ராடு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். வீடியோ பார்த்துப் பழகி, போன ஞாயிற்றுக்கிழமை அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் வீசினேன். மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "தலைக்கு மேல சாட்டை சுத்தாதப்பா, வேற எடம் பாரு" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அவருக்கும் எனக்கும் முப்பது அடி இடைவெளி இருந்தது. ஆறு பொதுதானே, நான் ஏன் நகர வேண்டும்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: தம்பி, அன்றைக்கு நீங்கள் நகர்ந்திருக்கத்தான் வேண்டும். முப்பது அடி போதாது. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியது மனசைக் குத்தியிருக்கும், புரிகிறது, ஆனால் அந்தப் பெரியவர் பயந்துதான் கத்தியிருக்கிறார்.

அவர் கையில் இருப்பது மூங்கில் கம்பு. நரம்பு, தக்கை, ஒரு ஈயக் குண்டு, மண்புழு கோத்த முள். குண்டின் கனத்தில் முள் முன்னால் போய் விழும், அதோடு சரி. உங்கள் ராடில் கதை வேறு. ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்த பொய் இரை, அதற்குக் கனமே கிடையாது. கனம் எல்லாம் அந்தத் தடித்த கலர் லைனில் இருக்கிறது, அது முதலில் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய் முழுசாக நீண்ட பிறகுதான் முன்னால் வரும். முன்னால் நாற்பது அடி வீச வேண்டுமானால் பின்னாலும் கிட்டத்தட்ட நாற்பது அடிக்கு முள் பறக்கிறது என்று அர்த்தம், காற்று அடித்தால் பக்கவாட்டிலும் தள்ளும். கொள்ளிடத்தில் காற்றுக்கா பஞ்சம்?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் வெண்ணாற்றங்கரையில் சாயங்காலம் வீசிக்கொண்டிருந்தேன். பின்வீச்சு எதிலோ மாட்டியதுபோல் கை நின்றது. கருவேலங்கிளை என்று நினைத்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன். கிளை இல்லை, பள்ளிக்கூடம் விட்டுக் கரையோடு நடந்துவந்த ஒரு பையனின் தோள். முள் சட்டையையும் சேர்த்துக் குத்தி உள்ளே இறங்கியிருந்தது. அவன் அழக்கூட இல்லை, "அண்ணே, என்னண்ணே இது" என்று தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள், டிடி ஊசியும் போட்டார்கள். நாலு விரற்கடை தள்ளியிருந்தால் கழுத்து, இன்னும் கொஞ்சம் மேலே என்றால் கண். அந்தப் பையன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். முதல் தடவை பார்த்தது போதாது, நம் ஊர்க் கரை என்பது பாதை, ஆடு வரும், சைக்கிள் வரும், துணி துவைக்கப் பெண்கள் வருவார்கள். முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு குட்டி முள் நிற்கிறதே, அதைக் கொறடால் நசுக்கிவிடுங்கள். நசுக்கிய முள் ஆள் மேல் குத்தினாலும் போன வழியே சுலபமாகத் திரும்ப வந்துவிடும், மீன் வாயிலிருந்தும் அப்படித்தான், லைனைத் தொய்யவிடாமல் இழுத்தால் மீன் பெரும்பாலும் தப்பாது. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசாதீர்கள். யாருக்காவது ஆழமாகக் குத்திவிட்டால், அல்லது முகத்தில், கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் நீங்களே பிடுங்கப் பார்க்க வேண்டாம், லைனை மட்டும் வெட்டிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

ஆள் இருக்கும் இடத்தில் வீசியே ஆக வேண்டும் என்றால் ரோல் காஸ்ட் பழகுங்கள். லைன் பின்னால் பறக்காது, தண்ணீர் மேலேயே கிடந்து, ராடை மெதுவாகத் தூக்கி முன்னால் அழுத்தியதும் வளையமாக உருண்டு போகும். தூரம் கொஞ்சம் குறையும். படித்துறையில் மட்டும் அதுவும் கூடாது, அது குளிக்கிற இடம், ஆடிப்பெருக்கு அன்று ராடை வீட்டை விட்டே எடுக்காதீர்கள்.

சரி, ஆறு பொதுதானே என்ற கேள்விக்கு வருகிறேன். ஆறு பொது. ஆனால் அந்தப் பெரியவர் விடியும் முன்பே வந்து, தவிட்டையும் புண்ணாக்கையும் உருண்டை பிடித்துப் போட்டு, மீன் கூடட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நீங்கள் வந்து பக்கத்தில் லைனை அடித்தால் கூடிய கெண்டை எல்லாம் கலைந்துவிடும். உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, அவர் வீட்டில் அன்றைய குழம்பே அதுவாக இருக்கலாம். ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, ஒவ்வொரு வீச்சுக்கும் ஓரிரு அடி கீழே நகர்ந்துகொண்டே போவார்கள், மடு முடிந்ததும் கரையேறி மேலே வந்து வரிசையில் கடைசியில் சேர்ந்துகொள்வார்கள், யாரும் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. நம் தக்கைத் தூண்டில்காரரிடம் அதை எதிர்பார்க்க முடியாது, அவர் மீன்பிடிப்பதே உட்கார்ந்த இடத்தில்தான். எனவே முதலில் வந்தவருக்கு இடம், பின்னால் வந்தவர் கேட்டுவிட்டு நிற்க வேண்டும். "ஐயா, அந்தப் பக்கம் போட்டுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை போதும், பெரும்பாலும் எங்கே மீன் நிற்கிறது என்று அவர்களே கை காட்டுவார்கள்.

எந்தப் பக்கம் நிற்பது? நம் பக்கம் தண்ணீர் கிழக்கே ஓடுகிறது, ஆகவே அவருக்குக் கிழக்கே நில்லுங்கள். மேற்கே நின்றால் உங்கள் லைன் மிதந்துபோய் அவர் நரம்போடு சிக்கும், நீங்கள் தண்ணீரில் இறங்கிக் கலக்கிய சேறும் அவர் தக்கைக்குத்தான் போகும். காலை வெயிலில் உங்கள் நிழல் மேற்கே அவர் பக்கமாக நீளும், அதனால் தாராளமாகவே தள்ளி நில்லுங்கள், இருநூறு அடி என்றால் உத்தமம். அவருக்குப் பெரிய மீன் மாட்டி இழுக்க ஆரம்பித்தால் உடனே உங்கள் லைனைச் சுருட்டிக்கொள்ளுங்கள், அவர் கேட்காமல் அவர் நரம்பைத் தொடாதீர்கள். வீச்சு வலைக்காரர் கரையோடு வந்தாலும் அப்படியே, உங்கள் முள் அவர் வலையில் மாட்டிக் கிழித்தால் உட்கார்ந்து அதை முடிச்சுப் போட்டுச் சரிசெய்ய அவருக்கு அரை நாள் போய்விடும்.

வெட்டிய நரம்புத் துண்டையும் முள்ளையும் கரையில் போடாதீர்கள். அங்கே நடப்பவர்களில் பாதிப் பேர் காலில் செருப்பு கிடையாது, கொக்கும் நாரையும் நரம்பில் கால் சுற்றிக்கொண்டு சாகின்றன.

குளமோ ஏரியோ என்றால் மீன் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று ஊரில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

உங்கள் உயிரைப் பற்றியும் கொஞ்சம். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் டெல்டாவில் எவ்வளவு தாழத் தொங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும், ஒன்பது அடி ராடை நிமிர்த்திப் பிடித்தபடி வரப்பில் நடக்காதீர்கள், கழற்றி எடுத்துப்போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது, முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். மேட்டூர் நிரம்பி முக்கொம்பில் உபரி நீரைத் திறந்துவிட்டால் எல்லாம் கொள்ளிடத்துக்குத்தான் வரும், அந்த நாட்களில் நடு ஆற்றுத் திட்டில் நிற்பது கூடவே கூடாது. ஷட்டருக்குக் கீழே பாசி பிடித்த தளத்திலும் நிற்காதீர்கள், எவ்வளவு மீன் துள்ளினாலும்.

சம்பா அறுத்த பிறகு வயல் காய்ந்து கிடக்குமே, கை பழக அதைவிட நல்ல இடம் இல்லை. முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டி, பின்னால் நாற்பது அடியில் ஒரு குச்சியை நட்டுவைத்து வீசிப் பாருங்கள், நூல் அந்தக் குச்சியை எத்தனை தடவை தொடுகிறது என்று எண்ணுங்கள்.

அடுத்த ஞாயிறு ராடு இல்லாமல் அணைக்கரைக்குப் போய் அந்தப் பெரியவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். "அன்னிக்குத் தெரியாம வீசிட்டேன்யா" என்று சொல்லுங்கள், எத்தனை மணிக்கு எழுந்து போவார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறியதும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள், அதற்கப்புறம் அந்த இடத்தில் நீங்கள் தாராளமாக வீசலாம்.